அடித்து வாங்கிய வாக்குமூலம்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

போலீஸ் ஸ்டேஷனில் ஒருவர் "நான்தான் செய்தேன்" என்று சொன்னதாக எழுதிய தாளை வைத்துக்கொண்டு நீதிமன்றம் அவரைத் தண்டிக்க முடியாது. பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 23-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. 2024 ஜூலை 1-க்கு முன்பு இதே தடை இந்திய சாட்சியச் சட்டத்தின் 25, 26-ஆம் பிரிவுகளில் இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகு, 1963 அக்டோபர் 1 முதல் புதுச்சேரிக்கும் அந்தச் சட்டம் வந்தது.

இந்தத் தடைக்குப் பின்னால் நம் மக்களின் வலி இருக்கிறது. சென்னை மாகாண அரசு அமைத்த சித்திரவதை விசாரணைக் கமிஷன் 1855-இல் அறிக்கை கொடுத்தது. வரி கறக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் நடந்த கொடுமைகள் அதில் பதிவாகியிருக்கின்றன. விரல்களை இடையில் வைத்து நெரிக்கும் கிட்டி, ஆளைக் குனியவைத்துக் கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டும் அண்ணாந்தாள் ஆகியவற்றை அதில் பெயரோடு பார்க்கலாம். நமக்கு அடுத்த வீடான தென்னாற்காடு அந்த மாகாணத்தில்தான் இருந்தது. போலீசாரிடம் கொடுத்த ஒப்புதல் செல்லாது என்று 1861-ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் எழுதினார்கள். அங்கிருந்து அது 1872 சாட்சியச் சட்டத்துக்குப் போனது.

ஊரில் ஒரு கொடூரக் கொலை நடந்தால் உடனே ஒரு பேச்சு கிளம்பும்: "ஒத்துக்கிட்டான்ல, அப்புறம் எதுக்குக் கேஸு, சாட்சி? அந்தச் சட்டத்தைத் தூக்குங்க." அந்தத் தடை ஒரு அங்குலம்கூடத் தளரக் கூடாது என்பதே என் நிலை. ஆனால் சட்டத்தில் தடை இருந்தால் மட்டும் போதாது. அதைக் கைநழுவ விடுவது பெரும்பாலும் பயத்திலும் அவசரத்திலும் இருக்கும் குடும்பத்தார்தான். கீழே உள்ளவை முதலில் அவர்களுக்காக.

ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டால்

எழுத்தில் கேளுங்கள். சாட்சியாகக் கூப்பிட்டாலும் சந்தேக நபராகக் கூப்பிட்டாலும் எழுத்துமூலமான அறிவிப்பு தர வேண்டும். சாட்சிக்கு, இன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179-ஆம் பிரிவு. கைது தேவைப்படாத வழக்கில் சந்தேக நபருக்கு 35-ஆம் பிரிவு. 35-ஆம் பிரிவு அறிவிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. "சும்மா பேசிட்டு அனுப்பிடுறோம்" என்ற போன் அழைப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. உள்ளே போன நேரம் பதிவாகவில்லை என்றால், மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டிய 24 மணி நேரத்தைப் பிறகு எதிலிருந்து எண்ணுவது?

பெண்களையும் பெரியவர்களையும் அனுப்பாதீர்கள். பெண்கள், 15 வயதுக்குக் கீழும் 60 வயதுக்கு மேலும் உள்ள ஆண்கள், மாற்றுத்திறனாளிகள், கடுமையான நோயில் இருப்பவர்கள் ஆகியோரைச் சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றால் அவர்கள் இருக்கும் இடத்துக்குத்தான் போலீசார் வர வேண்டும். மகனைப் பிடிக்க அம்மாவைக் கொண்டுபோய் உட்கார வைப்பது சட்டப்படி தவறு. அம்மா அங்கே உட்கார்ந்திருப்பதைப் பார்த்த மகன் எதை வேண்டுமானாலும் ஒப்புக்கொள்வான். அவன் மேல் ஒரு அடிகூட விழ வேண்டியதில்லை.

எந்த ஊர் போலீஸ் என்று கேளுங்கள். முத்தியால்பேட்டையைத் தாண்டினால் கோட்டக்குப்பம். அங்கே தமிழ்நாடு போலீஸ். நம் எல்லை தெருவுக்குத் தெரு மாறுவதால், ஆளைக் கூட்டிப் போனது உருளையன்பேட்டை ஸ்டேஷனா, பெரியகடையா, விழுப்புரம் மாவட்டத்திலிருந்து வந்த தனிப்படையா என்று தெரியாமல் குடும்பம் ராத்திரி முழுக்க அலையும். பெயர், பதவி, ஸ்டேஷன், வண்டி எண் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு புகார் எங்கே கொடுப்பது என்பதும் இதைப் பொறுத்தே இருக்கும். நம் போலீஸ் என்றால் புதுச்சேரியின் காவல் புகார் ஆணையம் இருக்கிறது. அந்தப் பக்கத்து போலீஸ் என்றால் தமிழ்நாடு மாநில மனித உரிமை ஆணையம்.

பிள்ளைக்கு 18 வயது ஆகவில்லை என்றால் அதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். பிறப்புச் சான்றிதழையோ பள்ளிச் சான்றிதழையோ கையில் கொண்டுபோங்கள். சிறுவனை லாக்-அப்பில் வைக்கவே கூடாது. அவன் போக வேண்டிய இடம் சிறார் நீதி வாரியம்.

உள்ளே போன பிறகு

வக்கீலைக் கேளுங்கள், அதுவும் முதல் மணி நேரத்திலேயே. விசாரணையின்போது தன் வக்கீலைச் சந்திக்கும் உரிமை கைதானவருக்கு சுரக்ஷா சன்ஹிதாவின் 38-ஆம் பிரிவின்படி உண்டு. விசாரணை முழுவதும் வக்கீல் பக்கத்தில் இருக்க முடியாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. இது ஒரு குறை. வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். அது தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் இலவச உதவி எண். புதுச்சேரியிலும் சட்டப் பணிகள் ஆணையம் இயங்குகிறது.

நம் ஊர் சொல்தா குடும்பங்களில், அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களின் குடும்பங்களில், பலரிடம் பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்கிறது. அப்படிப்பட்டவர் கைதானால் தூதரகத்துக்குத் தகவல் சொல்லும்படி கேட்கலாம். 1963-ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தம் அந்த உரிமையைத் தருகிறது. பிரான்சிலேயே, போலீஸ் காவலில் கேள்வி கேட்கும்போது வக்கீல் உடன் உட்காரும் உரிமை 2011-இல்தான் வந்தது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அதற்கு முந்தைய ஆண்டு பிரான்சைக் கண்டித்த பிறகு சட்டத்தை மாற்றினார்கள். அவர்களால் செய்ய முடிந்ததை நம் நாடாளுமன்றமும் செய்ய வேண்டும்.

மௌனமாக இருப்பதைக் குற்றமாக நினைக்காதீர்கள். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அரசியல் சாசனத்தின் 20(3). அந்த உரிமை ஸ்டேஷனுக்குள்ளும் உண்டு என்று நந்தினி சத்பதி வழக்கில் 1978-இலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. நார்கோ, பாலிகிராஃப் சோதனைகளையும் சம்மதம் இல்லாமல் நடத்த முடியாது என்பது 2010-இல் செல்வி வழக்கின் தீர்ப்பு. பெயர், முகவரியைச் சரியாகச் சொல்லுங்கள். மற்றதற்கு "வக்கீலைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்பது போதும்.

வெற்றுத் தாளிலும், படிக்கத் தெரியாத மொழியில் எழுதிய தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். விசாரணையில் போலீசாரிடம் சொன்னதை எழுதிக்கொண்டால், சொன்னவரின் கையெழுத்தை அதில் வாங்கக் கூடாது என்று சுரக்ஷா சன்ஹிதாவின் 181-ஆம் பிரிவே தடுக்கிறது. கைதுக் குறிப்பில் கைதானவர் கையெழுத்திட வேண்டும். குடும்பத்தார் ஒருவரோ ஊரில் மதிப்புள்ள ஒருவரோ அதில் சாட்சிக் கையெழுத்துப் போடுவார்கள். அதைத் தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துப் போடலாம்.

புரியாத தாளில் வாங்கிய கையெழுத்தால் ஒரு குடும்பமே நிலைகுலைந்த கதை இதே ஊரில் நடந்திருக்கிறது. பிரெஞ்சு கம்பெனியின் தலைமைத் தரகராக இருந்த நைனியப்ப பிள்ளையை, கவர்னர் எபேர் காலத்தில், 1716-இல் கைது செய்தார்கள். அவர் ஆனந்தரங்கப் பிள்ளைக்கு மாமன் முறை. பிரெஞ்சு மொழி அவருக்குத் தெரியாது. சாட்சிகளுக்கும் தெரியாது. அவர்கள் தமிழில் சொன்னது போர்த்துகீசியத்துக்குப் போய், அங்கிருந்து பிரெஞ்சில் ஏட்டில் ஏறியது. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலேயே கையெழுத்து வாங்கினார்கள் என்பது பின்னால் தொடுத்த மேல்முறையீட்டில் எழுந்த முக்கியமான குற்றச்சாட்டு. அவரைக் கடைவீதியில் வைத்துச் சாட்டையால் அடித்தார்கள். சொத்தும் போனது. 1717-இல் சிறையிலேயே இறந்தார். பிறகு பிரான்சில் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தார்கள். ரத்து உத்தரவு வந்தபோது அதைப் பெற்றுக்கொள்ள அவர் இல்லை.

இருநூற்று எழுபது வருஷத்துக்கு மேல் கழித்து இலங்கையில் சிங்கராசா என்ற தமிழருக்கும் இதே கதி. சிங்களம் படிக்கத் தெரியாத அவர், சிங்களத்தில் எழுதிய ஒப்புதல் வாக்குமூலத்தில் கைநாட்டு வைக்கும்படி ஆனது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அந்தத் தாள் செல்லும். அடித்து வாங்கியது என்பதை நிரூபிக்கும் பொறுப்பு அவர் தலையிலேயே விழுந்தது. 50 ஆண்டுகள் தண்டனை, மேல்முறையீட்டில் 35 ஆண்டுகளாகக் குறைந்தது. ஐ.நா. மனித உரிமைக் குழு 2004-இல் அவர் பக்கம் நியாயம் சொல்லியும், இலங்கை உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. போலீஸ் வாக்குமூலம் செல்லும் என்று சட்டம் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்துகொள்ள நாம் கடல் தாண்டி அந்தக் கரைவரை பார்த்தால் போதும்.

"எடுத்துக் கொடுத்துட்டா விட்டுடுவாங்க" என்று நம்பாதீர்கள். 23-ஆம் பிரிவின் தடையில் ஒரு ஓட்டை இருக்கிறது. காவலில் இருப்பவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கிடைத்தால், அந்தப் பொருளோடு நேரடியாகத் தொடர்புள்ள வார்த்தைகள் மட்டும் சாட்சியம் ஆகும். பழைய சட்டத்தில் இது புகழ்பெற்ற 27-ஆம் பிரிவு. "கத்தியை முள்வேலியில் போட்டிருக்கிறேன்" என்பது உள்ளே வரலாம்; "அந்தக் கத்தியால்தான் குத்தினேன்" என்பது வர முடியாது. புலுகுரி கோட்டையா வழக்கில் 1946-இல் பிரிவி கவுன்சில் போட்ட கோடு இது. அந்த வழக்கும் சென்னை மாகாணத்திலிருந்து போனதுதான்.

ஸ்டேஷனில் அடி விழுவதற்கு இன்றைக்குப் பெரிய காரணம் இந்த ஓட்டை என்றே நான் நினைக்கிறேன். ஒப்புதல் செல்லாது, பொருள் செல்லும் என்றால், பொருள் கிடைக்கும்வரை விட மாட்டார்கள். 2025 ஜூன் கடைசியில் சிவகங்கை மாவட்டம் திருப்புவனத்தை அடுத்த மடப்புரத்தில் ஒரு கோயில் காவலாளி போலீஸ் தனிப்படையின் கையில் அடிபட்டு இறந்தார். காரில் இருந்த நகை காணாமல் போனது என்ற புகார்தான் ஆரம்பம். அவர் நகையை எங்கே வைத்தார் என்று கேட்டே அடித்தார்கள். வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. செய்யாதவனிடம் எடுத்துக் கொடுக்க எதுவும் இருக்காது. அதனாலேயே அவனுக்கு அடி அதிகம்.

கட்டாயப்படுத்தி வாங்கிய தகவலால் பொருள் கிடைத்தாலும், 20(3)-இன்படி அந்தத் தகவலை எதிர்க்க முடியும். 1961-இல் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் கொண்ட அமர்வு அதற்கு வழி வைத்திருக்கிறது. ஆகவே பொருளை எப்போது, எங்கே, யார் முன்னால் எடுத்தார்கள், மகஜரில் கையெழுத்துப் போட்ட சாட்சிகள் யார், அவர்கள் உண்மையிலேயே அங்கே இருந்தார்களா என்பதை வக்கீலிடம் விவரமாகச் சொல்லுங்கள். பொருள் கிடைத்துவிட்டதே என்று வக்கீலே சோர்ந்து போவதும் உண்டு. விடாதீர்கள்.

நீதிபதி முன்னால்

அடித்தார்கள் என்றால் முதல் ரிமாண்டிலேயே சொல்லுங்கள். இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அங்கே போகும் வழியில், "ஏதாவது சொன்னா திரும்ப எங்ககிட்டதான் வரணும்" என்று மிரட்டுவார்கள். அந்தப் பயத்தில் வாயை மூடிக்கொண்டால், ஆறு மாதம் கழித்து "அப்போதே ஏன் சொல்லவில்லை?" என்று அரசு வக்கீல் கேட்பார். நீதிபதியிடம் காயத்தைக் காட்டுங்கள். அதைக் குறித்துக்கொள்ளும்படி கேளுங்கள். வீடியோ வழியாக நிறுத்தினாலும் சட்டையைத் தூக்கிக் காட்டலாம். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

கைதுக்கான காரணத்தை எழுத்தில், புரியும் மொழியில் கேளுங்கள். எல்லா வழக்குகளிலும் அப்படித் தர வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. ரிமாண்டுக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்னதாவது அந்தத் தாள் கைக்கு வர வேண்டும்.

மருத்துவச் சான்றின் நகலைக் கேட்டு வாங்குங்கள். கைதான உடனே பரிசோதனை, காவலில் இருந்தால் 48 மணி நேரத்துக்கு ஒருமுறை பரிசோதனை. பின்னது 1996-இல் டி.கே. பாசு வழக்கில் பிறந்த விதி. டாக்டரிடம் "கீழே விழுந்துட்டேன்" என்று சொல்லாதீர்கள். பாத்ரூமில் வழுக்கி விழுந்து மாவுக்கட்டு போட்ட படங்களைப் பத்திரிகையில் பார்த்துப் பார்த்து நமக்கு அது பழகிவிட்டது. டாக்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: கூட நிற்கும் ஏட்டை அறைக்கு வெளியே அனுப்பிவிட்டுப் பரிசோதியுங்கள்.

மாஜிஸ்திரேட்டிடம் ஒப்புதல் கொடுக்க அழைத்துப் போனால், மறுக்கலாம் என்று தெரிந்துகொள்ளுங்கள். சுரக்ஷா சன்ஹிதாவின் 183-ஆம் பிரிவின் கீழ் மாஜிஸ்திரேட் பதிவு செய்யும் ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லும். அதனாலேயே அவர் முதலில் எச்சரிக்க வேண்டும்: நீ ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை, சொன்னால் அது உனக்கு எதிராகவே பயன்படலாம் என்று. பதிவு செய்வதற்கு முன் எந்த நேரத்திலும் "எனக்கு விருப்பம் இல்லை" என்று கைதானவர் சொன்னால், அவரைப் போலீஸ் காவலுக்குத் திருப்பி அனுப்பக் கூடாது. அந்த அறைக்குள் இருக்கும் இந்தப் பாதுகாப்பு பலருக்குத் தெரிவதில்லை. திரும்ப ஸ்டேஷனுக்குப் போக வேண்டியிருக்கும் என்ற பயத்திலேயே மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிறார்கள்.

வி.ஏ.ஓ. முன்னால் சரணடைந்து ஒப்புக்கொண்டார் என்ற கதை தமிழ்நாட்டு வழக்குகளில் அடிக்கடி வரும். அது பலவீனமான சாட்சியம். முன்பின் தெரியாத அதிகாரியிடம் போய் ஒருவர் ஏன் மனம் திறந்தார் என்று குறுக்கு விசாரணையில் கேட்க வேண்டும்.

செய்தி எழுதுபவர்களும் படிப்பவர்களும்

"பரபரப்பு வாக்குமூலம்" என்று போடாதீர்கள். மாலைப் பத்திரிகையின் அந்தத் தலைப்பை நீதிமன்றம் பார்க்காது. ஊர் பார்க்கும். பிள்ளையின் பள்ளிக்கூடமும் வீட்டுக்காரரும் பார்ப்பார்கள். போலீசார் கொடுத்த குறிப்பைப் போட்டே ஆக வேண்டுமென்றால் "போலீசார் கூறுகின்றனர்" என்று வாக்கியத்துக்கு வாக்கியம் எழுதுங்கள். அவர் நீதிமன்றத்தில் மறுத்தால் அந்த மறுப்பையும் அதே அளவில் போடுங்கள்.

காஞ்சிபுரம் சங்கரராமன் கொலை வழக்கை நினைத்துப் பாருங்கள். 2004 செப்டம்பர் 3-இல் வரதராஜப் பெருமாள் கோயிலில் கொலை. சங்கராச்சாரியார் கைதானதும், யார் யார் என்னென்ன ஒப்புக்கொண்டார்கள் என்பது பல வாரம் தலைப்புச் செய்தி. 2005 ஜனவரி 10-இல் ஜாமீன் கொடுத்தபோதே, உடன் குற்றம் சாட்டப்பட்டவர்கள் கொடுத்துவிட்டுப் பின்வாங்கிய ஒப்புதல்கள் மிகப் பலவீனமானவை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு வழக்கு புதுச்சேரிக்கு மாறியது. நம் ஊர் நீதிமன்றத்தில் 80-க்கும் மேற்பட்ட சாட்சிகள் பிறழ்ந்தார்கள். அப்ரூவரும் மாறினார். 2013 நவம்பர் 27-இல் 23 பேரும் விடுதலை. கொலையானவரின் குடும்பத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. வாய்ச்சொல்லை நம்பிக் கட்டிய வழக்கு, அந்தச் சொல் பின்வாங்கும் நாளில் மணல் வீடாகச் சரிகிறது. செத்தவருக்கு நியாயம் வேண்டும் என்பவர்களும் இந்தத் தடையின் பக்கம்தான் நிற்க வேண்டும்.

"பெரிய அதிகாரி பதிவு செய்தால் செல்லும்" என்ற யோசனைக்குத் தலையாட்டாதீர்கள். 2003-இல் மலிமத் கமிட்டி அப்படிச் சொன்னது: எஸ்.பி. அல்லது அவருக்கு மேலான அதிகாரி, ஒலி-ஒளிப் பதிவோடு வாங்கினால் ஏற்கலாம் என்று. எஸ்.பி. வாங்கினால் செல்லும் என்பதை நாடு ஏற்கெனவே தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் பார்த்துவிட்டது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998-இல் 26 பேருக்கும் தூக்கு. 1999-இல் உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்தது. தடா குற்றங்கள் நிற்காது என்று சொன்ன அதே தீர்ப்பு, தடாவின் கீழ் எஸ்.பி. பதிவு செய்த வாக்குமூலங்களை மட்டும் ஏற்றுக்கொண்டது. 19 வயதில் கைதான பேரறிவாளனின் தூக்குத் தண்டனைக்கு அடிப்படை அப்படி ஒரு வாக்குமூலம். குண்டுக்குப் பயன்பட்டதாகச் சொன்ன, தான் வாங்கிக் கொடுத்த பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என அவர் சொன்னதைத் தான் எழுதவில்லை என்று, அதைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன் 2013-இல் வெளிப்படையாகச் சொன்னார். பேரறிவாளன் விடுதலையானது 2022 மே 18-இல்.

அடி இல்லை, மிரட்டல் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். ஒரு வாக்கியத்தை எழுதாமல் விட்டது ஒன்றே ஒருவரைத் தூக்குக் கயிறுவரை கொண்டுபோனது. கேமரா வைத்தால் சரியாகிவிடுமா? கேமராவை எப்போது போடுவது, எப்போது நிறுத்துவது என்பதும் அதே அறையில் இருப்பவர் கையில்தானே இருக்கிறது.

போலீசாருக்கு

கையுறை போட்டுத் தடயம் எடுங்கள். சி.சி.டி.வி., செல்போன் கோபுரப் பதிவு, ரத்த மாதிரி எல்லாம் இன்று இருக்கின்றன. ஒப்புதலுக்காகக் காயப்படுத்தினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 120-ஆம் பிரிவின் கீழ் 7 ஆண்டுகள்வரை, கொடுங்காயம் என்றால் 10 ஆண்டுகள்வரை சிறை. மேலதிகாரி "ராத்திரிக்குள்ள முடி" என்று சொன்னதை எந்த நீதிமன்றமும் காரணமாக ஏற்காது.

வெளியே வந்த பிறகு

"செய்யலன்னா ஏன்டா ஒத்துக்கிட்ட?" என்று கேட்காதீர்கள். ஜப்பானில் ஹகமாடா என்ற குத்துச்சண்டை வீரரை 1966-இல் பிடித்து, நாள்கணக்கில் விசாரித்து, 45 வாக்குமூலங்கள் வாங்கினார்கள். நீதிமன்றம் 44-ஐத் தள்ளிவிட்டு ஒன்றை மட்டும் ஏற்றுத் தூக்கு விதித்தது. அவர் நிரபராதி என்று தீர்ப்பு வந்தது 2024 செப்டம்பரில். தூக்கமும் தண்ணீரும் இல்லாமல், அடுத்த அடி எப்போது என்று தெரியாமல் இருக்கும் மனிதர் அந்த நிமிஷம் முடிந்தால் போதும் என்றுதான் தலையாட்டுகிறார். அந்தக் கேள்வியை வீட்டில் கேட்டால் அது இன்னொரு விசாரணை.

அன்றே ஜிப்மருக்கோ அரசு பொது மருத்துவமனைக்கோ கூட்டிப் போய்க் காயங்களைப் பதியுங்கள். தேதி தெரியும்படி போட்டோ எடுங்கள். ஞாபகம் மங்குவதற்கு முன் நடந்ததை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லி எழுதிவையுங்கள். ஸ்டேஷனின் சி.சி.டி.வி. பதிவை அழிக்காமல் பாதுகாக்கும்படி உடனே எழுத்தில் மனுக் கொடுங்கள். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவின்படி அந்தப் பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும். கருவியில் அவ்வளவு இடமில்லை என்றாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது. மனுவின் நகலில் ஸ்டேஷன் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.